பிரேக் இல்லாத வண்டிகளும் எழுதப்படாத வரலாறும்: மூத்த ஸ்பீட்வே வீரர்களின் நினைவுகளை எப்படிக் காப்பது?

ஓய்வுபெற்ற பந்தய வீரர் ஒருவர் தம் பழைய நாள்களைப் பற்றிச் சொல்வதை எந்த அளவுக்கு வரலாறாக ஏற்கலாம்? இந்தக் கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் ஒரு விடை சொல்கிறார்கள், உளவியலாளர்கள் வேறொரு விடை. புள்ளிவிவரம் தொகுக்கும் ரசிகர்களும், அருங்காட்சியகம் நடத்துவோரும், மறதிநோய் கண்ட முதியவர்களோடு பணிபுரிவோரும் தத்தம் தேவைக்கேற்ப விடை வைத்திருக்கிறார்கள். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மோட்டார் சைக்கிள் ஸ்பீட்வே என்ற விளையாட்டை எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்த முரண்பாடுகள் கூர்மையாகத் தெரிகின்றன.

ஸ்பீட்வே தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாதது. திருவிழா மைதானத்தில் மரணக் கிணற்றுக்குள் சுற்றும் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டால் அதற்கு வேண்டிய துணிச்சல் புரியும். மற்றபடி இது விதிகளும் லீக்குகளும் உலகப் பட்டமும் கொண்ட முழுமையான போட்டி. மண்ணும் நொறுக்கிய கல்லும் பரப்பிய நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள், எப்போதும் இடஞ்சுழியாக. 500 சிசி எஞ்சின், ஒரே கியர், மெத்தனால் எரிபொருள். பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பி, வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே கடக்க வேண்டும். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

பார்வையாளர்கள் நிகழ்ச்சிநிரல் புத்தகத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவையும் கட்டங்களில் குறித்துக்கொள்வது பிரிட்டனில் நெடுங்கால வழக்கம். இந்தச் சிறு பழக்கம் விளையாட்டின் நினைவையே வடிவமைத்துவிட்டது எனலாம். யார் எந்த ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தார் என்பதற்கு ஏராளமான தாள் ஆதாரம் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் வண்டிமேல் இருந்தவருக்கு என்ன தெரிந்தது, என்ன வலித்தது, எவ்வளவு கூலி கிடைத்தது என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு.

பிறந்த கதையிலேயே சிக்கல்

ஸ்பீட்வே எங்கே பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வெஸ்ட் மெயிட்லண்ட். 1923 டிசம்பர் 15 அன்று அங்கே வேளாண் கண்காட்சித் திடலில் விளக்கொளியில் ஒரு பந்தயம் நடந்தது. கண்காட்சிச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஜானி ஹாஸ்கின்ஸ். நியூசிலாந்தில் பிறந்த இவர் பின்னர் இங்கிலாந்துக்கு வந்து பந்தய அமைப்பாளராகப் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தார். 1987 வரை வாழ்ந்தார். தொடக்க நாளின் கதையை அவரே பலமுறை, பலவிதமாகச் சொல்லியிருக்கிறார். முதல் உலகப் போருக்கு முன்பே அமெரிக்காவில் மண்தடங்களில் மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்துவந்தன என்பதும் உண்மை. எனவே மெயிட்லண்டில் நடந்தது ஒரு விளையாட்டின் பிறப்பா, ஏற்கனவே இருந்ததற்குக் கிடைத்த நல்ல விளம்பரமா என்ற வாதம் ஓயவில்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில், கிங்ஸ் ஓக் விடுதியின் பின்புறம் நடந்ததே முதல் பந்தயம் என்று பல தலைமுறைகள் நம்பின. பழைய ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடி அந்த நாளைக் கொண்டாடினார்கள். ஆனால் 1927 மே மாதம் கேம்பர்லியிலும் ஜூன் மாதம் மான்செஸ்டர் அருகே டிராய்ல்ஸ்டனிலும் பந்தயங்கள் நடந்திருந்தன. கேம்பர்லியில் ஓட்டியது மணல் தரையில், அதுவும் வலஞ்சுழியாக. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார் சிலர். ஹை பீச்சுக்கு அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. சில ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் பெருங்கூட்டம் திரண்டது என்பது மட்டும் உறுதி. 30,000 வரை போகும் மதிப்பீடுகள் உண்டு.

இத்தகைய குழப்பம் நினைவின் பலவீனத்தால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. நுழைவுச்சீட்டு விற்க வேண்டியவர்கள் கதையை ஊதிப் பெருக்கினார்கள். செய்தித்தாள்கள் அதை அப்படியே அச்சிட்டன. ஓட்டுநர்கள் அச்சில் படித்ததைத் தம் நினைவாகத் திருப்பிச் சொன்னார்கள். நினைவும் ஆவணமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்திருக்கின்றன. இந்த விளையாட்டில் இரண்டையும் தனித்தனிச் சாட்சிகளாக நிறுத்துவது கடினம்.

தாளை நம்புவோர்

முதல் நிலைப்பாடு ஆவணத்துக்கு முதலிடம் தருவது. பிரிட்டனில் 'ஸ்பீட்வே ரிசர்ச்சர்' என்ற சிற்றிதழைச் சுற்றி உருவான தன்னார்வலர் வட்டம் இதன் நல்ல எடுத்துக்காட்டு. உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் பழைய நிகழ்ச்சிநிரல்களையும் துழாவி, 1928 முதல் நடந்த போட்டிகளின் முடிவுகளை ஓட்டம் ஓட்டமாகத் தொகுக்கும் வேலை இவர்களுடையது. பல்கலைக்கழக நிதி ஏதுமின்றி, ஓய்வுநேரத்தில் நடக்கும் இந்த உழைப்புக்கு வரலாற்றுத் துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. முதியவர் ஒருவர் "அன்று நான் பன்னிரண்டு புள்ளி எடுத்தேன்" என்றால், தேதியைக் கண்டுபிடித்து அவர் எடுத்தது எட்டு என்று காட்ட இவர்களால் முடியும்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை தெளிவு. அதன் குறை, கேட்கும் கேள்வியிலேயே இருக்கிறது. நிகழ்ச்சிநிரலில் இருப்பது அமைப்பாளர் விற்க விரும்பிய போட்டி. தொடக்கக் காலத்து ஓட்டுநர்களுக்குக் கொடுத்த முன்பணம், பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் வாய்மொழி ஏற்பாடுகள், எலும்பு கூடுமுன்பே கட்டுப்போட்டுக்கொண்டு வண்டி ஏறியது, வண்டியைத் தோளில் சுமக்காத குறையாக இரவு முழுக்கப் பயணம் செய்தது ஆகியவற்றுக்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. ஜாக் வில்லியம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1999இல் எழுதிய கட்டுரை, போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சமூகம் ஸ்பீட்வேயை எப்படிப் பார்த்தது என்பதைச் செய்தித்தாள்களை வைத்து ஆராய்ந்தது. அது வெளியிலிருந்து பார்த்த பார்வை. உள்ளிருந்து பார்த்தவர்களின் சொல்லுக்கு அந்த முறையில் வாய்ப்புக் குறைவு.

பிழையிலும் பொருள் காண்போர்

இரண்டாம் நிலைப்பாடு வாய்மொழி வரலாற்றுத் துறையிலிருந்து வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948இல் தொடங்கிய திட்டம் பெரும்பாலும் அதிகாரத்தில் இருந்தவர்களைப் பேட்டி கண்டது. பால் தாம்சனின் 'த வாய்ஸ் ஆஃப் த பாஸ்ட்' 1978இல் வெளிவந்தபோது கவனம் உழைக்கும் மக்கள்பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த பெரிய திருப்பத்தைத் தந்தவர் இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி. டெர்னி நகரத் தொழிலாளியான லூயிஜி டிராஸ்டுல்லி 1949இல் ஓர் ஆர்ப்பாட்டத்தில் கொல்லப்பட்டார். ஊர்க்காரர்கள் பலர் அது 1953இல் ஆலையில் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தபோது நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். தேதி தவறு. ஆனால் அந்தச் சாவுக்கு ஒரு பொருள் வேண்டும் என்று ஊர் தேடியதை அந்தத் தவறு காட்டிக்கொடுத்தது என்பது போர்ட்டெல்லியின் வாதம்.

ஸ்பீட்வேயில் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க 1936 உலகப் பட்ட இறுதிப்போட்டியைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி கிடைப்பது அரிது. வெம்பிளியில் நடந்த முதல் உலகப் பட்டப் போட்டி அது. ஆஸ்திரேலியரான புளூயி வில்கின்சன் அன்றிரவு தாம் ஓட்டிய ஐந்து ஓட்டங்களிலும் வென்றார். ஆனாலும் பட்டம் அவருக்கு இல்லை. முந்தைய சுற்றுகளில் ஈட்டிய ஊக்கப் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அவருக்கு 25; லயனல் வான் பிராக்குக்கும் எரிக் லாங்டனுக்கும் தலா 26. இருவரும் மீண்டும் ஓட வேண்டியதாயிற்று. லாங்டன் முன்னால் போனார். கடைசி வளைவில் வான் பிராக் உள்ளே புகுந்து, ஒரு சக்கர நீளம்கூட இல்லாத இடைவெளியில் வென்றார்.

இதுவரை ஆவணம். இதற்கப்பால் நினைவின் ஆட்சி. முதல் வளைவுக்கு யார் முதலில் போகிறாரோ அவரே வெல்லட்டும், பணத்தைப் பங்கிட்டுக்கொள்வோம் என்று இருவரும் முன்பே பேசிவைத்திருந்ததாகவும், வான் பிராக் அதை மீறிவிட்டு, பின்னர் மனம் உறுத்தி லாங்டனுக்கு 50 பவுண்டு கொடுத்ததாகவும் ஒரு பேச்சு ஸ்பீட்வே உலகில் நிலைத்துவிட்டது. இந்த விளையாட்டை வாய்மொழி வரலாற்றுக் கண்ணால் பார்ப்பவர், பேச்சு மெய்யா என்பதோடு நிற்க மாட்டார். ஓட்டுநர்கள் இதை ஏன் இவ்வளவு எளிதாக நம்பினார்கள்? பரிசுப் பணத்தைப் பங்கிடுவது அவர்களிடையே தவறாகவே கருதப்படவில்லையா? காயம்பட்டால் வருமானம் நின்றுபோகும் தொழிலில் அது ஒருவகைக் காப்பீடாக இருந்ததா? நல்ல கேள்விகள்தாம். நிகழ்ச்சிநிரலில் இவற்றுக்கு விடை இல்லை.

ஆனாலும் இந்த அணுகுமுறைக்கு ஒரு விலை உண்டு. வான் பிராக் பின்னர் ஆஸ்திரேலிய விமானப்படையில் விமானியாகப் பணியாற்றி, போரில் காட்டிய வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். இருவரும் இறந்துவிட்டார்கள், மறுப்புச் சொல்ல ஆள் இல்லை. ஒரு குற்றச்சாட்டை "இது உண்மையோ இல்லையோ, பொருள் நிறைந்தது" என்று பதிவுசெய்துவிட்டு நகர்வது வரலாற்றாசிரியருக்கு வசதியாக இருக்கலாம்; அவர்கள் குடும்பத்துக்கு அப்படி இருக்காது. டெர்னி தொழிலாளிகள் தேதியை மாற்றியதால் எவர் பெயரும் கெடவில்லை. இங்கே கெடுகிறது. போர்ட்டெல்லியின் முறையை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது என்பதற்கு இந்த வேறுபாடே போதும்.

விபத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்?

உளவியலாளர்களின் எச்சரிக்கை வேறு வகையானது. கேம்பிரிட்ஜில் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூல், நினைவு என்பது எடுத்துப் பார்க்கும் பதிவேடு அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று நிறுவியது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுக்குமேல் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது ஏறக்குறைய கால்வாசிப் பேர் முக்கிய விவரங்கள் அனைத்திலும் தவறினார்கள். தவறியவர்களில் பலர் மிகுந்த உறுதியோடு பேசினார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

ஸ்பீட்வே வீரருக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, ஓட்டங்களின் எண்ணிக்கை. பருவம் முழுவதும் வாரத்துக்குப் பல போட்டிகள், ஒவ்வொன்றிலும் பல ஓட்டங்கள், எல்லாமே நான்கு சுற்று, எல்லாமே இடப்பக்கம். ஒன்றுபோலவே நடப்பவற்றை மனம் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. பொதுவான ஒரு வார்ப்பாகச் சேர்த்துவிடுகிறது. எனவே ஒரு குறிப்பிட்ட இரவைப் பற்றிக் கேட்டால் பிழை வரும். "பொதுவாக மழை பெய்த பிறகு இந்தத் தடத்தில் எப்படி ஓட்டுவீர்கள்?" என்று கேட்டால் விடை நம்பத்தக்கதாக இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டி காண்பவர்கள் வழக்கமாகக் கேட்பதோ முதல் வகைக் கேள்வியைத்தான்.

இன்னொன்று விபத்து. எல்லாரும் கேட்க விரும்புவது அதைத்தான். ஆனால் தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்கு, மோதலும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவையும் பதிவாகவே இல்லாமல் போகலாம். பின்னாளில் அவர் விவரிக்கும் விபத்து, மருத்துவமனையில் சக ஓட்டுநர் சொன்னது, செய்தித்தாள் படம், மனைவியின் அழுகை ஆகியவற்றிலிருந்து தைத்த துணியாக இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளாமல் ஒருவர் தம் வாழ்க்கையைச் சொல்லிக்கொள்ள முடியாது.

படப்பதிவு இருந்தால் சிக்கல் தீருமா? 1982 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் நடந்த உலக இறுதிப்போட்டியின் 14ஆம் ஓட்டத்தில் இங்கிலாந்தின் கென்னி கார்ட்டரும் அமெரிக்காவின் புரூஸ் பென்ஹாலும் முட்டிமோதிக்கொண்டு ஓட்டினார்கள். கார்ட்டர் விழுந்தார், நடுவர் அவரையே நீக்கினார், பென்ஹால் பட்டம் வென்று, மேடையிலேயே ஓய்வை அறிவித்தார். அந்த ஓட்டம் படமாக இருக்கிறது, எத்தனையோ முறை ஓட்டிப் பார்க்கப்பட்டிருக்கிறது. இருவர் வண்டியும் உரசினவா என்பதில் ரசிகர்கள் இன்றும் இரு கட்சி. உளவியலின் எச்சரிக்கையை ஏற்கலாம். ஆனால் நினைவுக்கு மாற்றாகப் படக்கருவியைக் கொண்டுவந்து நிறுத்துவோர் இந்த ஓர் ஓட்டத்துக்கேனும் விடை சொல்ல வேண்டும்.

கைக்குத் தெரிந்தது

மேலே சொன்ன மூன்று தரப்பும் நினைவைச் சொற்களாகவே எடுத்துக்கொள்கின்றன. மைக்கேல் போலன்யி 1966இல், சொல்ல முடிவதைவிட அதிகம் நமக்குத் தெரிந்திருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். சறுக்கிக்கொண்டே வளைவைக் கடக்கும் கலைக்கு அது அப்படியே பொருந்தும். இந்தக் கட்டுரையின் கருத்தில், மூத்த வீரர்களிடமிருந்து பெற வேண்டியவற்றில் முதன்மையானதும், மிகக் குறைவாகப் பெறப்பட்டதும் இதுவே.

எஃகுக் காலணியை எடுத்துக்கொள்வோம். இடது பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ளும் உலோகத் தகடு அது. வளைவில் இடதுகால் தரையில் ஊன்றித் தேய்ந்துகொண்டே போகும். தகடு இல்லாவிட்டால் தோல் கிழிந்து, கால் தடத்தில் சிக்கி முறுக்கிக்கொள்ளும். பழைய தகடு ஒன்றைப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. ஒருவர் குதிகாலை அழுத்தியிருப்பார், இன்னொருவர் பாதத்தின் வெளிவிளிம்பை. ஒருவர் காலில் எடையை ஏற்றி ஓட்டியிருப்பார், இன்னொருவர் தொட்டும் தொடாமலும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது அது வெறும் இரும்பு. அதை அணிந்தவரின் கையில் கொடுத்து, எங்கே ஏன் தேய்ந்தது என்று கேட்டால், தடத்தின் ஈரம், எஞ்சினின் இழுவை, பின்சக்கரப் பல்சக்கரத்தின் அளவு, முதல் வளைவில் பக்கத்து ஆளின் முழங்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாயால் மட்டும் கேட்டிருந்தால் இதில் பாதி வெளிவராது.

இதற்கு வரலாற்றுப் பயனும் உண்டு. 1920களின் இறுதியில் அமெரிக்கரான ஸ்பிரவுட்ஸ் எல்டர் போன்றவர்கள் இடதுகாலைப் பின்னால் இழுத்தபடி, வண்டியைத் தரையோடு சாய்த்து ஓட்டினார்கள். கூட்டம் மயங்கியது அந்தக் காட்சிக்குத்தான். 1930களில் காலை முன்னே நீட்டி ஓட்டும் முறை அதை மெல்ல ஓரங்கட்டியது. டாட்டன்ஹாமில் தயாரான ஜேஏபி எஞ்சினின் ஆற்றலும், தடத்தில் பரப்பும் மண்ணின் ஆழம் குறைந்ததும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. எது எந்த அளவுக்குக் காரணம் என்பதை இரு முறையிலும் ஓட்டிய ஒருவரால் தம் உடலை வைத்தே காட்டியிருக்க முடியும். அந்தத் தலைமுறை மறைந்துவிட்டது. 1960களிலும் 70களிலும் ஜேஏபியிலிருந்து செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவுக்கும், பிறகு வெஸ்லேக்குக்கும் மாறியவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அதே தவறு இவர்கள் விஷயத்தில் நடக்கக் கூடாது.

அருங்காட்சியகங்கள் இதில் எவ்வளவு உதவுகின்றன? இங்கிலாந்தின் பிராக்ஸ்போர்னில் 2007இல் தேசிய ஸ்பீட்வே அருங்காட்சியகம் ஒரு விலங்குப் பூங்காவுக்குள் திறக்கப்பட்டது. ஆறு முறை உலகப் பட்டம் வென்ற நியூசிலாந்தின் ஐவன் மாகர், 1968, 69, 70 என மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றபோது, அமெரிக்க ரசிகர்கள் இருவர் அவர் வண்டிக்குத் தங்கமுலாம் பூசிக் கொடுத்தார்கள். அந்த வண்டி அவருடைய சொந்த ஊரான கிறைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்க அழகான பொருள். ஆனால் தங்கம் பூசிய வண்டி வெற்றியைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. மெக்கானிக்கின் கருவிப்பெட்டி ஒன்று இதைவிட அதிகம் பேசக்கூடும்; அதைச் சேர்த்துவைக்கத்தான் ஆள் குறைவு.

இடங்களின் நிலை இன்னும் மோசம். கிழக்கு லண்டனில் வெஸ்ட் ஹாம் அணி ஓட்டிய கஸ்டம் ஹவுஸ் மைதானம் 1972இல் மூடப்பட்டு வீடுகளாயிற்று. அங்கே தெருக்களுக்கு வில்கின்சன், யங், குரூம்ப்ஸ், அட்கின்சன், ஹாஸ்கின்ஸ் என்று பழைய ஓட்டுநர்கள், அமைப்பாளர்களின் பெயர்களை வைத்தார்கள். மான்செஸ்டரின் ஹைட் ரோடு மைதானம் 1987இல் போயிற்று. விம்பிள்டனின் பிளவ் லேனில் இப்போது கால்பந்து மைதானம். 1949இல் வெம்பிளி இறுதிப்போட்டிக்குச் சுமார் 93,000 பேர் வந்தார்கள் என்பதை நினைத்தால், ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது தெரியும். போலந்தில் நிலைமை வேறு. அங்கே ஸ்பீட்வே இன்றும் மக்கள் விளையாட்டு. லெஷ்னோ நகர மைதானம் 1950இல் இளவயதிலேயே இறந்த ஆல்ஃப்ரட் ஸ்மோசிக்கின் பெயரையும், 2009இல் திறக்கப்பட்ட டோருன் நகர மைதானம் மரியான் ரோஸின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. ஆட்டம் உயிரோடு இருக்கும் ஊரில் நினைவைக் காக்கத் தனிச் சங்கம் தேவைப்படுவதில்லை என்று இதைப் படிக்கலாம். ஆனால் பெயர்ப்பலகை மாவீரர்களை மட்டுமே நினைக்கும் என்ற குறை அங்கேயும் உண்டு.

ரசிகர் இதழ்களும் தன்வரலாறுகளும்

நடைமுறையில், பழைய ஓட்டுநர்களின் சொற்களை மிக அதிகமாகச் சேமித்தவர்கள் கல்வியாளர்கள் அல்லர். 2004இல் தொடங்கிய 'பேக்டிராக்' இதழ் 1970கள், 80களின் வீரர்களைத் தேடிப்பிடித்து நீண்ட பேட்டிகள் வெளியிட்டது. மாகர், பாரி பிரிக்ஸ் போன்றோர் தன்வரலாறு எழுதினார்கள். பழைய ஓட்டுநர்களின் சங்கம், இன்று உலக ஸ்பீட்வே ஓட்டுநர் சங்கம் எனப் பெயர் கொண்டது, ஆண்டுக்கொரு தலைவரைத் தேர்ந்து, விருந்து வைத்து, மறைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்திவருகிறது.

இவற்றைக் கல்வியாளர்கள் ஏளனமாகப் பார்ப்பது சரியன்று. பேட்டி காண்பவருக்கு வண்டியும் தடமும் தெரியும். ஓட்டுநர் அவரை நம்புகிறார். ஒன்றுகூடலில் ஒருவர் மிகைப்படுத்தினால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் திருத்துவார். குறை என்னவென்றால், பலமுறை சொல்லிப் பழகிய கதை மெருகேறி, ஒரே வடிவத்தில் உறைந்துவிடுகிறது. வாசகர் எதிர்பார்ப்பது பொற்காலம். அதற்கேற்ற நினைவுகளே மேலே வருகின்றன. பட்டம் வென்றவர்களுக்கு நூல் கிடைக்கிறது. இரண்டாம் பிரிவில் பத்தாண்டு ஓட்டி, பகலில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

கேட்கப்படாதவர்கள்

யாருடைய நினைவு என்ற கேள்வியை எழுப்பும் நிலைப்பாடு பின்னால் வந்தது. ஆனால் அது மற்ற எல்லாவற்றையும் அசைத்துப்பார்க்கிறது. அயர்லாந்தின் ஃபே டெய்லர், இங்கிலாந்தின் ஈவா ஆஸ்க்வித் ஆகிய பெண்கள் 1920களின் இறுதியில் ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர்கள். 1930இல் பிரிட்டனில் பெண்களுக்குத் தடை வந்தது. அத்தோடு புள்ளிப்பட்டியல்களிலிருந்து அவர்கள் மறைந்தார்கள். பின்னாளில் பழைய ஓட்டுநர்களைத் தேடியவர்களின் பட்டியல்களும் அந்தப் புள்ளிகளை வைத்துப் போடப்பட்டவையே.

டெய்லரை முன்னோடியாகக் கொண்டாடும் எழுத்துகள் இப்போது பெருகிவருகின்றன. அவர் பாசிச இயக்க ஆதரவாளராக இருந்ததும், அதற்காக 1940இல் காவலில் வைக்கப்பட்டதும் அதே வாழ்க்கையின் பகுதி. இதைச் சொல்லாமல் விடுவது அவருக்கும் நியாயம் செய்யாது, வாசகருக்கும் செய்யாது. கென்னி கார்ட்டர் விஷயம் இன்னும் கனமானது. 1986இல் அவர் தம் மனைவியைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவருடைய பந்தயங்களை மட்டும் நினைவுகூரும் ஒன்றுகூடல்களில் அந்தப் பெண்ணுக்கு இடம் எங்கே? வீரர்களின் நினைவைக் காக்கும் பணி, வீரர்களை மட்டும் கேட்டால் இப்படித்தான் முடியும். மனைவியர், பிள்ளைகள், மெக்கானிக்குகள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் ஆகியோரின் சாட்சியம் துணைச் சான்று என்ற அளவில் நின்றுவிடக் கூடாது.

நினைவும் நோயும்

விளையாட்டு நினைவுகளைக் கொண்டு முதியவர்களின் தனிமையையும் மறதிநோயின் துயரத்தையும் குறைக்கும் முயற்சிகள் பிரிட்டனில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக வளர்ந்திருக்கின்றன. பழைய படங்களையும் நிகழ்ச்சிநிரல்களையும் மேசையில் பரப்பி, சிறு குழுவாகப் பேசவைப்பது அவற்றின் முறை. இங்கே நோக்கம் தலைகீழாகிறது. முதியவர் வருடத்தைத் தவறாகச் சொன்னால் யாரும் திருத்துவதில்லை. அவர் பேசுவதே பலன். இதே அமர்வை ஒலிப்பதிவு செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தால் வரலாற்றாசிரியர் என்ன செய்வார்? சிகிச்சைக்கும் சாட்சியத்துக்கும் ஒரே பேட்டியைப் பயன்படுத்துவது இரண்டையும் கெடுக்கும் என்பது ஒரு தரப்பு. இளமையின் நினைவுகளே கடைசிவரை நிற்பவை, எனவே கிடைத்ததைப் பதிவுசெய்யுங்கள் என்பது மறுதரப்பு. பதினைந்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலில் நன்கு உறுதிப்பட்ட செய்தி. ஸ்பீட்வே வாழ்க்கையின் உச்சமும் பெரும்பாலும் அந்த வயதில்தான்.

தலைக்காயங்கள் மலிந்த விளையாட்டில் இந்த வாதத்துக்கு அவசரம் கூடுகிறது. மாகர் தம் இறுதி ஆண்டுகளில் மறதிநோயோடு வாழ்ந்து 2018இல் காலமானார். ஒருவரின் நோய்க்குப் பந்தயம்தான் காரணம் என்று தனியாக நிறுவ முடியாது. மற்ற மோதல் விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளை வைத்து ஸ்பீட்வேயைப் பற்றி முடிவு சொல்வதும் இப்போதைக்கு முன்கூட்டிய செயல்.

இன்னும் தீராதவை

இந்த நிலைப்பாடுகளை எடைபோட்டால், முடிவுகளைத் திருத்துவதற்காக முதியவர்களைப் பேட்டி காண்பது வீண் என்பதில் ஐயமில்லை. அந்த வேலையைத் தாள் நன்றாகவே செய்கிறது. தொழில்நுட்பம், பணம், வலி, ஓட்டுநர்களுக்குள் இருந்த எழுதப்படாத விதிகள் ஆகியவற்றுக்கு நினைவே முதன்மைச் சான்று. அவற்றைப் பொருளோடும், முடிந்தால் தடத்தோடும், இணைத்துக் கேட்பதே பயன் தரும். இந்த அளவுக்கு ஓரளவு உடன்பாடு எட்ட முடியும்.

உடன்பாடு இல்லாதவை வேறு. மறதிநோய் தொடங்கிய ஒருவர் தந்த ஒப்புதல், நோய் முற்றிய பிறகும் செல்லுமா? 'பகிரப்பட்ட அதிகாரம்' என்று மைக்கேல் ஃபிரிஷ் 1990இல் வகுத்த கொள்கைப்படி பேட்டி தருபவரும் நூலின் ஆசிரியர். ஆனால் இங்கே அவரால் தம் சொற்களைத் திரும்பப் படித்துத் திருத்த முடியாமல் போகலாம். அப்போது திருத்தும் உரிமை குடும்பத்துக்குப் போகிறதா, யாருக்கும் இல்லையா? தன்னார்வலர்களின் வீட்டுக் கணினியிலும் கேசட் பெட்டியிலும் கிடக்கும் நூற்றுக்கணக்கான மணிநேரப் பேச்சு, அவர்களுக்குப் பின் யாரிடம் போகும்? பிரிட்டிஷ் நூலகத்தில் 1987 முதல் இயங்கும் தேசிய வாழ்க்கைக் கதைகள் திட்டம்போன்ற அமைப்புகளிடம் முறையும் வசதியும் உண்டு. ஸ்பீட்வே சேகரிப்பாளர்களிடம் பொருளும் நட்பும் உண்டு. இவ்விரு தரப்பும் எந்த நிபந்தனையில் சேர்வது என்பது பேசித் தீர்க்கப்படவில்லை. உயிரோடிருக்கும் சக ஓட்டுநர்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்பதற்கும் பொதுவான விதி இல்லை. முப்பது ஆண்டு என்பார் சிலர், சம்பந்தப்பட்டவர்களின் ஆயுள்வரை என்பார் சிலர். 1936இன் ஐம்பது பவுண்டு கதையைப் பார்க்கும்போது இரண்டாவதே நியாயமாகப் படுகிறது. ஆனால் அப்படி மூடிவைத்தால், மறுத்துப் பேச உரிமை உள்ளவர் கேட்காமலேயே போய்விடுவார் என்ற எதிர்வாதத்துக்கு இதுவரை நல்ல விடை கிடைக்கவில்லை.